ஒன்பதாவது பௌர்ணமி

கீழ்பென்னாத்தூர்,
12.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தென்றல் எழுதுகிறேன். அம்மாவின் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஃபோனில் சொல்வதையேதான் எழுதுவாய். அதனால் சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் உனக்குக் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அப்பா, பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அத்தை, அத்தையின் ஆடு, எல்லாரும் கேட்கிறார்கள். அதில் நாம் என்னத்தைப் பேசுவது? மற்ற நாளில் உன் ஃபோனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆகவே இனிமேல் நமக்குக் கடிதம்தான். தபால் கவர் கோள் சொல்லாது.

இந்த வருஷமும் கல்லூரி ஃபுட்பால் டீமில் நான்தான் கோல்கீப்பர். பூஜா கேப்டன். புதிதாக வந்திருக்கும் பி.டி. அருணாதேவி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஃபைனலுக்குப் போனாத்தான் யுனிவர்சிட்டி கோச் வந்து பாப்பாங்க. அதுக்கு முன்னாடி எந்த மேட்சுக்கும் வர மாட்டாங்க." யுனிவர்சிட்டி டீமில் ஆடியவர்கள் போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மனுப் போடலாம். அப்பாவோ, "மூணாவது வருஷத்தோட பந்து போதும், அப்புறம் மாப்பிள்ளை பாக்கணும்" என்கிறார். எனக்கு இருப்பது இந்த ஒரு சீசன்தான், அண்ணா.

இன்னொரு சங்கதி. உன் மிலிட்டரி டிரெய்னிங் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அம்மா பன்னிரண்டு பௌர்ணமி வெறுங்காலில் கிரிவலம் வேண்டிக்கொண்டாள் அல்லவா? மூன்று முடித்தாள். சனிக்கிழமை திரும்பி வந்தபோது முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. "தங்கச்சி நடந்தா அண்ணனுக்குச் சேரும்"னு சொல்லி மிச்சம் ஒன்பதை என் தலையில் கட்டிவிட்டாள். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதாம். விட்டால் உனக்கு ஆகாதாம்.

பஸ் ஸ்டாண்டில் உன் பேனர் அப்படியே இருக்கிறது. "எங்கள் தெரு தந்த ராணுவ வீரன் மாறனுக்கு வாழ்த்துகள்." உன் மூக்குக்கு மேலே தினமும் ஒரு காக்கா வந்து உட்காருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தென்றல்


டிரெய்னிங் சென்டர்,
24.8.2025

அன்புத் தங்கை தென்றலுக்கு,

உன் கடிதம் ஒன்பது நாள் ரயிலில் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். காலையில் சப்பாத்தி, ராத்திரி சப்பாத்தி, கனவில் இட்லி. விடியற்காலை நாலரைக்கு ஓட ஆரம்பித்தால் எட்டு மணிக்குத்தான் உட்காரவே விடுகிறார்கள்.

நானும் அந்த கோல் போஸ்ட்டுக்குள் மூன்று வருஷம் நின்றவன் என்பதால் சொல்கிறேன். பெனால்டி அடிக்க வருகிறவளின் முகத்தைப் பார்க்காதே. உதைக்கிற காலையும் பார்க்காதே, அது கடைசி நொடி வரை ஏமாற்றும். பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுகிற காலைப் பார். அது பொய் சொல்லாது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் பாய்ந்துவிடு.

வேண்டுதலைக் கிண்டல் பண்ணாதே. இங்கே கடைசி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது மூச்சு வாங்கும். அங்கே யாரோ எனக்காகச் செருப்பில்லாமல் நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஓடிவிடுவேன். சிரிக்காதே.

அப்பா அம்மாவுக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தைக் காட்டாதே.
மாறன்


டிரெய்னிங் சென்டர்,
26.9.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் செப்டம்பர் கடிதம் வந்தது. முதல் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து, ஒன்றுகூட விடாமல் ஜெயித்தீர்கள் என்று படித்ததும் பக்கத்துக் கட்டில் பஞ்சாபிக்காரனிடம் சொன்னேன். ஒன்றும் புரியாமலே கை கொடுத்தான்.

இடது காலில், முட்டிக்குக் கீழே, எலும்பில் ஒரு வலி. படம் எடுத்தார்கள். மூன்று வாரம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஓடுவதைச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து பார்க்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவிடம் மூச்சு விடாதே.

பேனர் இன்னும் இருக்கிறதா?
மாறன்


27.10.2025

அன்புள்ள தென்றலுக்கு,

நான் நலம். கால் சரியாகிவிட்டது.

எங்களை வெளி கேம்ப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அடிக்கடி இடம் மாறும். சென்டர் முகவரிக்கு எழுதினால் எனக்கு வந்து சேராது. என்னோடு பள்ளியில் படித்த அன்பரசன் ஓசூரில் வேலை பார்க்கிறான் அல்லவா, அவன் பெயருக்கு எழுது. எனக்கு அனுப்பி வைப்பான். முகவரி கவரின் பின்னால் இருக்கிறது.

இப்போது வேலை ஜாஸ்தி. நீண்ட கடிதம் எழுத முடியவில்லை. ஞாயிறு வழக்கம்போல ஃபோனில் வருவேன்.
மாறன்


கீழ்பென்னாத்தூர்,
10.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம். உன் கடிதம் மூன்றே நாளில் வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒன்பது நாள் ஆகும். தபால்காரர்கள் திருந்திவிட்டார்கள் போலிருக்கிறது.

புதன்கிழமை பௌர்ணமி. சாயங்காலம் நடந்தேன். முதல் இரண்டு லிங்கம் வரை வலி தெரியவில்லை. ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் ரோட்டில் புதிதாகப் போட்ட ஜல்லி. இரண்டு குதிகாலிலும், வலது கட்டைவிரல் அடியிலும் கொப்புளம். மறுநாள் வியாழன் எங்களுக்குச் செய்யாறு டீமோடு மேட்ச்.

நாங்கள் இரண்டு கோல் போட்டோம். கடைசி பத்து நிமிஷத்தில் அவர்களும் இரண்டு போட்டார்கள். இரண்டாவது பந்து என் தலைக்கு மேலேதான் வந்தது. எம்பினால் பிடித்துவிடலாம். எம்ப வேண்டும் என்றால் கட்டைவிரலை ஊன்ற வேண்டும். ஊன்ற முடியவில்லை, அண்ணா. பார்த்துக்கொண்டே நின்றேன். பூஜா என்னோடு பஸ்ஸில் பேசவில்லை. மேடம் என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும்மா?" என்றார். "அண்ணனுக்கு மேடம்" என்றேன்.

நேற்று நீ ஃபோனில் பேசும்போது பின்னால் டக்கு டக்கு டக்கு என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டது. "பாவம், பொழுது சாய்ஞ்சும் துப்பாக்கிப் பயிற்சி குடுக்கறாங்க"னு அம்மா வெள்ளையம்மாள் அத்தையிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு என்னவோ அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பசித்தது.

அக்டோபர் எட்டாம் தேதி சென்டர் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். கிடைத்ததா? மறக்காமல் எழுது.
தென்றல்


16.11.2025

அன்புள்ள தென்றலுக்கு,

நலம். உன் கால் கொப்புளத்தைக் குத்தி உடைக்காதே. உப்புத் தண்ணீரில் வை.

ஆமாம், அது துப்பாக்கிப் பயிற்சிதான்.

அக்டோபர் கடிதம் கிடைத்தது. படித்தேன். பத்திரமாக வைத்திருக்கிறேன்.
மாறன்


கீழ்பென்னாத்தூர்,
7.12.2025

அண்ணனுக்கு,

இங்கே சுகம். உன் பதிலைப் பத்துத் தடவை படித்தேன். சரி.

தீபம் முடிந்தது. எங்கள் கல்லூரி மைதானத்தைப் பத்து நாள் தற்காலிக பஸ் ஸ்டாண்டு ஆக்கிவிட்டார்கள். பிராக்டீஸ் கிடையாது. என் கோல் போஸ்ட்டில் "செஞ்சி, திண்டிவனம்"னு போர்டு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் என் கோலுக்குள்ளேயே நின்று வீட்டுக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர், "உள்ள போம்மா, உள்ள போ" என்று தள்ளினார். கோலுக்குள் இத்தனை பேர் போய் இப்போதுதான் பார்க்கிறேன்.

பஸ்கள் போன பிறகு மைதானம் உழுத கழனி மாதிரி கிடக்கிறது. டீம் மொத்தமும் இரண்டு நாள் குனிந்து கண்ணாடித் துண்டும் தேங்காய் ஓடும் பொறுக்கினோம். பந்தைத் தொடவில்லை. தீபத்துக்கு மறுநாள் பௌர்ணமி நடையும் முடித்தேன். அந்தக் கூட்டத்தில் என் காலை மிதித்தவர்களைச் சேர்த்தால் ஒரு ஊரே வரும்.

செய்யாறு டிரா ஆனாலும் செமி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். பதில் எழுது.
தென்றல்


கீழ்பென்னாத்தூர்,
12.1.2026

அண்ணனுக்கு,

நீ பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் "சாப்டியா, சாப்டேன்" என்பதோடு வைத்துவிடுகிறாய். உடம்பு சரியில்லையா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை செமி ஃபைனல் ஜெயித்தோம். பெனால்டியில். மூன்று பேர் அடித்ததைத் தடுத்தேன். ஊன்றுகிற காலைத்தான் பார்த்தேன். நீ சொன்னது அத்தனையும் சரி. பூஜா என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தையே சுற்றிவிட்டாள்.

ஃபைனல் பிப்ரவரி இரண்டாம் தேதி, திங்கள், மூன்று மணிக்கு, எங்கள் மைதானத்திலேயே. யுனிவர்சிட்டி கோச் வருகிறார். காலண்டரைப் பார். பிப்ரவரி ஒன்று, ஞாயிறு, பௌர்ணமி. ஒன்பதாவது.

அம்மாவிடம் ஒரு மாசம் விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். "அவன் கடைசிப் படியில நிக்கறான், இப்பப் போய் விடறியா?" என்று அழுதுவிட்டாள். செருப்பு போட்டு நடக்கிறேன் என்றேன். அதற்கும் அழுகை. அப்பா உன் பரேடைப் பார்க்கப் புது வேட்டி எடுத்துவிட்டார். தேதி சொன்னால் ரயில் டிக்கெட் போட வேண்டும் என்று தினமும் கேட்கிறார்.

நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் கேட்பாள். ஞாயிறு ஃபோனில் சொல். எனக்கு இந்த ஒரு சீசன்தான் என்று ஆகஸ்டிலேயே எழுதியிருந்தேன்.
தென்றல்


19.1.2026

அன்புள்ள தென்றலுக்கு,

நேற்று ஃபோன் பேசும்போது நீயும் அம்மா பக்கத்தில்தான் இருந்தாய். "இந்த ஒரு மாசம் அவளை விட்டுடும்மா"னு நான் சொன்னதும் அம்மா சொன்னதைக் கேட்டாய். "உன் பரேடு முடியட்டும், அப்புறம் அவ கட்டில்லயே படுத்துக் கெடக்கட்டும்."

அதற்கு மேல் நான் அம்மாவிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாறன்


22.1.2026

அண்ணா,

வேறு என்னத்தைச் சொல்வது என்று உனக்குத் தெரியும்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது.
தென்றல்


ஓசூர்,
28.1.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் மாறன் வணங்கி எழுதுவது. இதைத் தென்றலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே எழுத்துக் கூட்டிப் படி. அதற்காகத்தான் பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

நான் மிலிட்டரியில் இல்லை அம்மா.

காலில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆறவில்லை. அக்டோபர் பதினைந்தாம் தேதி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. நல்லபடியாகத்தான் வைத்தியம் பார்த்தார்கள்.

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினேன். வேலூரில் திருவண்ணாமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைத்தேன். பேனர் ஞாபகம் வந்தது. இறங்கி ஓசூர் பஸ் ஏறிவிட்டேன். அன்பரசனோடு இருக்கிறேன். ஒரு ஓட்டலில் வேலை. நீ கேட்டது துப்பாக்கிச் சத்தம் இல்லை அம்மா. கொத்து பரோட்டா.

ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஃபோனை எடுப்பேன். நீ "என் சாமி" என்று ஆரம்பிப்பாய். "சாப்டேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி, மூன்று பௌர்ணமியும் தென்றல் இல்லாத ஒரு வேலைக்காக நடந்தாள். நான் தடுக்கவில்லை. இதைவிட ஒரு அண்ணன் கேவலமாக இருக்க முடியாது. திங்கட்கிழமை அவளுக்கு ஃபைனல். ஞாயிறு அவளை நடக்க விடாதே. அவளுக்குக் கிடைக்கப் போவதாவது கிடைக்கட்டும்.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. திட்டுவதை எல்லாம் ஞாயிறு ஏழு மணிக்கு வைத்துக்கொள். ஃபோன் பண்ணுவேன்.
மாறன்


கீழ்பென்னாத்தூர்,
4.2.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அம்மா கட்டிலில். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரு மணி நேரம். உள்ளே வந்து, "நாளைக்கு நீ நடக்க வேணாம்" என்றாள். கடிதத்தை என்னிடம் நீட்டினாள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசலில் அம்மாவின் செருப்பு இருந்தது. அம்மா இல்லை. அப்பா கதவருகே உட்கார்ந்திருந்தார்.

"முதல் பஸ்ஸுக்கே போயிட்டா. எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

"எதுக்குப்பா? அதான் அண்ணனுக்கு வேலையே இல்லையே!"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'வேலைக்கா வேண்டிக்கிட்டேன்? எம் புள்ளைக்கு வேண்டிக்கிட்டேன்'னுட்டு வெறுங்காலோட போயிட்டா."

நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன். அப்பா கையை நீட்டி மறித்தார். "நீ நாளைக்கு ஓடு. இன்னைக்கு அவ நடக்கட்டும்" என்றார். என் ஆட்டத்தைப் பற்றி அப்பா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

ஒன்பது மணி நேரம் நடந்திருக்கிறாள். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது ஈசானிய லிங்கத்துக்கிட்டே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளாம். வண்டியில் ஏற மாட்டேன் என்று கோபுரம் வரை அடம்பிடித்து நடந்து முடித்துவிட்டுத்தான் ஏறினாள். இரண்டு முட்டியும் இப்போது தலையணை மாதிரி இருக்கின்றன.

சாயங்காலம் ஏழு மணிக்கு உன் ஃபோன் வந்தது. முதல் தடவையாக அம்மா ஸ்பீக்கரைப் போடவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பேசினாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வெள்ளையம்மாள் அத்தை கேட்டதற்கு, "சிக்னல் இல்ல" என்று அப்பா சொன்னார்.

ஃபைனலில் தோற்றுவிட்டோம், அண்ணா. ஒன்றுக்குப் பூஜ்யம். முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு ஃப்ரீ கிக். ஊன்றுகிற காலைப் பார்த்தேன். சரியான பக்கம்தான் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. கால் எம்பியது, கைதான் எட்டவில்லை. அது நல்ல கோல். ராத்திரி முழுக்க அழுதேன். ஆனால் காலையும் குற்றம் சொல்ல முடியவில்லை, உன்னையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அது ஒரு நிம்மதி.

யுனிவர்சிட்டி செலக்ஷன் கேம்ப்புக்கு இருபத்தைந்து பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று லிஸ்ட் வந்தது. பதினெட்டாவது பெயர் என்னுடையது. அப்பா லிஸ்டை இரண்டு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பார்ப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

நேற்று காலை அவரே ஏணி போட்டு ஏறி உன் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். களத்தில் மல்லாட்டை மூட்டைகளைப் போர்த்தியிருக்கிறார். உன் முகம் உள்பக்கம். காக்காவுக்குத்தான் நஷ்டம்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். உனக்கு வேலை போனதில் எனக்குக் கோபம் இல்லை. இத்துடன் ஒரு கவர் வைத்திருக்கிறேன். அக்டோபர் எட்டாம் தேதி உனக்கு எழுதியது. நீ "கிடைத்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று எழுதினாயே, அதே கடிதம்தான். "பெறுநர் இங்கில்லை" என்று சென்டரிலிருந்து அக்டோபர் கடைசியிலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கே எனக்குத் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நான் சொல்லிவிட்டால் நீ இன்னும் தூரமாக ஓடிவிடுவாய் என்று பயம். நான் நடக்காமல் நின்றால் அம்மாவிடம் உன் குட்டு உடைந்துவிடும். அதனால் தெரிந்தேதான் மூன்று பௌர்ணமியும் நடந்தேன். நான் செய்ததும் தப்புதான். திரும்பி வந்த அன்றே ஓசூருக்கு பஸ் ஏறி வந்து உன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும்.

மார்ச் மூன்றாம் தேதி அடுத்த பௌர்ணமி. அன்று எனக்குக் கேம்ப். அம்மாவால் முடியாது. வேண்டுதலைப் பாதியில் விடக் கூடாதாம். உன்னை வரச் சொன்னாள். கால் வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாமாம், தப்பில்லையாம்.

கவரை நான் பிரிக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. நீயே பிரித்துப் படி.
தென்றல்


கீழ்பென்னாத்தூர்,
8.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கால் வலி என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று நீ எப்போது எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை கிரிவலம் போனேன். அம்மா உன் வேலைக்காக வேண்டச் சொன்னாள். நான் உன் காலுக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன். சாமி குழம்பினால் குழம்பட்டும்.

முடியவில்லை என்றால் வந்துவிடு அண்ணா. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே, ஊர் இரண்டு நாள் பேசும். பேனரை நினைத்துப் பயப்படாதே. அது வெறும் துணி. மழை வந்தால் மல்லாட்டை மூட்டைக்குப் போர்த்தலாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உனக்கு ஒரு கால் போதாது என்றால் என்னிடம் இரண்டு இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு.
தென்றல்